ஆற்றில் போட்டாலும் அளந்து போடு: பட்டிமன்றத்தில் கணக்கு அணியின் உரை

நடுவர் ஐயா அவர்களே! எதிரில் உட்கார்ந்து, நான் எங்கே தடுக்கி விழுவேன் என்று குறிப்பெடுத்துக்கொண்டிருக்கிற மனம் அணி நண்பர்களே! ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சீரியலை விட்டுவிட்டு இந்த லண்டன் குளிரில் கிளம்பி வந்திருக்கிற பெரியோர்களே, அம்மாக்களே! பின் வரிசையில் உட்கார்ந்து வடை எப்போது வரும் என்று கதவையே பார்த்துக்கொண்டிருக்கிற தம்பிகளே! எல்லோருக்கும் வணக்கம்.

தலைப்பை இன்னொரு முறை சொல்லிவிடுகிறேன். எனக்கு முன்னால் எதிரணித் தங்கச்சி பேசிய பேச்சில் பாதிப் பேருக்கு மறந்திருக்கும். "ஓர் ஒன்றியத்தை விட்டுப் பிரிவதா என்று பொதுவாக்கெடுப்பு வந்தால், வாக்கைத் தீர்மானிக்க வேண்டியது மனமா, கணக்கா?" நான் கணக்கு அணி. தங்கச்சி சுதந்திரம் என்றார், மானம் என்றார், மண் என்றார். ஒவ்வொரு சொல்லுக்கும் கைதட்டினீர்கள். எனக்கு அவ்வளவு தட்ட மாட்டீர்கள் என்று தெரியும். கணக்கு வாத்தியாருக்கு எந்த ஊரில் கைதட்டியிருக்கிறார்கள்?

எதிரணித் தலைவர் ஐயா தன் துருப்புச் சீட்டை முதலிலேயே இறக்கிவிட்டார். நார்வே, 1905. ஸ்வீடனோடு இருந்த ஒன்றியத்தை முறிக்கலாமா என்று மக்களைக் கேட்டபோது, ஆம் என்றவர்கள் 3,68,208 பேர். வேண்டாம் என்றவர்கள் வெறும் 184 பேர். "அந்த 184 பேர்தான் அன்றைய கணக்கு அணி" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன். நல்ல நகைச்சுவைக்குச் சிரிக்க வேண்டும், பதிலை அப்புறம் சொல்லிக்கொள்ளலாம்.

இதோ பதில். நார்வேக்கும் ஸ்வீடனுக்கும் தகராறு முற்றியது எதில்? கொடியிலா, மொழியிலா? கான்சல் அலுவலகத்தில் ஐயா! நார்வேயின் வணிகக் கப்பல்கள் ஸ்வீடனுடையதைவிட அதிகம். அந்தக் கப்பல்கள் போகிற துறைமுகங்களில் அவற்றின் காரியத்தைப் பார்க்க வேண்டிய கான்சல்களோ ஸ்வீடன் வெளியுறவுத் துறைக்குக் கீழே. எங்கள் கப்பலுக்கு எங்கள் கான்சல் வேண்டும் என்று நார்வே நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. இரண்டு நாட்டுக்கும் பொதுவாக இருந்த மன்னர் கையெழுத்துப் போட மறுத்தார். ஒன்றியம் முறிந்தது. சரக்கு, துறைமுகம், கப்பல். இதற்குப் பெயர் கணக்கு இல்லை என்றால் வேறென்ன?

இன்னொன்றும் கவனியுங்கள். நார்வேக்கு 1814 முதல் சொந்த அரசியல் சட்டம் இருந்தது. சொந்த நாடாளுமன்றம் இருந்தது. 1816 முதல் சொந்த மத்திய வங்கி இருந்தது. பிரிந்தால் புதிதாகத் தேட வேண்டியது ஒரு மன்னரும் ஒரு வெளியுறவுத் துறையும்தான். ஜூன் 7ஆம் தேதி நாடாளுமன்றம் ஒன்றியம் முடிந்தது என்று அறிவித்துவிட்டது, மக்கள் வாக்களித்ததோ ஆகஸ்ட் 13. தொண்ணூறு வருடமாக ஒவ்வொரு கணக்காகத் தீர்த்து வைத்துவிட்டுக் கடைசியில் வாக்குச் சாவடிக்குப் போனவர்கள் அவர்கள். ஒரே மனதாகப் போட்டார்கள் என்றால், கணக்கில் கேள்வியே மிச்சமில்லை என்பதால்தான். (பெண்களுக்கு அன்று வாக்கு கிடையாது. வீடு வீடாகப் போய் ஏறக்குறைய இரண்டரை லட்சம் பெண்களின் கையெழுத்து திரட்டினார்கள். அதற்குத் தனியாக ஒரு பட்டிமன்றம் வைக்கலாம், நடுவர் ஐயா மனம் வைத்தால்.)

சரி, இப்போது ஸ்காட்லாந்துக்கு வருவோம். நம்மில் சிலர் நேரடியாக வாக்களித்த விஷயம் அது. 1707இல் இங்கிலாந்தோடு சேர்ந்த நாடு. 307 வருடம் கழித்து, 2014 செப்டம்பர் 18ஆம் தேதி, "ஸ்காட்லாந்து சுதந்திர நாடாக வேண்டுமா?" என்று ஒரு கேள்வி, ஆம் அல்லது இல்லை என்று பதில். வாக்கு யாருக்கு? அங்கே குடியிருப்பவர்களுக்கு. பதினாறு வயதுப் பிள்ளைகளுக்கும் வாக்கு. காமன்வெல்த் நாட்டவர் என்பதால் மதுரையிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் போய் கிளாஸ்கோவில் குடியேறியவர்களுக்கும் வாக்கு. ஸ்காட்லாந்தின் சுதந்திரத்துக்காகக் காலமெல்லாம் குரல் கொடுத்த நடிகர் ஷான் கானரிக்கு வாக்கு இல்லை, ஏனென்றால் அவர் வசித்தது பஹாமாஸில். கிளாஸ்கோவில் இட்லி மாவு அரைத்துக்கொண்டிருந்த நம்ம அக்காவுக்கு உண்டு, ஷான் கானரிக்கு இல்லை! அந்த அக்கா மனசைக் கேட்டு வாக்களிக்க வேண்டும் என்றால் எந்த மனசை ஐயா கேட்பார்?

எதிரணித் தம்பி பாண்டா கதை சொன்னார். 2010 தேர்தலில் ஸ்காட்லாந்தின் 59 தொகுதிகளில் கன்சர்வேடிவ் கட்சி ஜெயித்தது ஒன்றே ஒன்று. தலைநகர் எடின்பரோவின் மிருகக்காட்சி சாலையில் அப்போது இருந்த பாண்டாக்கள் இரண்டு. பாண்டாவைவிடக் குறைவாக எம்.பி. வைத்திருக்கிற கட்சி லண்டனில் உட்கார்ந்து எங்களை ஆள்வதா என்று அன்றைக்கு அங்கே எல்லோரும் கேட்டார்கள். நியாயமான கோபம், நான் மறுக்கவே இல்லை. ஆனால் கோபம், ஏன் போக வேண்டும் என்பதற்குத்தான் பதில். போன மறுநாள் கடைக்குப் போனால் எந்த நோட்டை நீட்டுவது என்பதற்குப் பாண்டா பதில் சொல்லாது.

நோட்டு என்றதும் ஒரு காட்சி நினைவுக்கு வருகிறது. ஈஸ்ட் ஹாம் பக்கம் நம்மவர் கடைகளில் பார்த்திருப்பீர்கள். யாரோ ஸ்காட்லாந்து போய்வந்த ஆள் ஒரு இருபது பவுண்டு நோட்டை நீட்டுவார். கல்லாவில் நிற்கிற அண்ணன் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார், திருப்பிப் பார்ப்பார், விரலால் தேய்ப்பார். உள்ளே அரிசி மூட்டை அடுக்குகிற பையனைக் கூப்பிட்டுக் காட்டுவார். கடைசியில் "வேற நோட்டு இருக்கா?" என்பார். பிரிட்டனில் செல்லுகிற பணம்தான், ஆனால் அதில் அரசி படம் இருக்காது, மத்திய வங்கியான பேங்க் ஆஃப் இங்கிலாந்து பெயரும் இருக்காது. ஸ்காட்லாந்தில் மூன்று வணிக வங்கிகள் சொந்தமாக நோட்டு அச்சடிக்கின்றன. பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்து, ராயல் பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்து, கிளைட்ஸ்டேல். பார்ப்பதற்கு ஸ்காட்லாந்துக்குத் தனிப் பணம் இருப்பது போலவே தோன்றும்.

ஆனால் அந்த நோட்டுக்குப் பின்னால் என்ன இருக்கிறது? அவர்கள் அடிக்கிற நோட்டுக்கு ஈடாக பேங்க் ஆஃப் இங்கிலாந்தில் பணம் கட்டி வைக்க வேண்டும். அந்த ஈட்டுக்காகவே வெளியே வராத நோட்டுகள் சில உண்டு. ஒன்றுக்கு ஜெயண்ட் என்று பெயர், ஒரே நோட்டு பத்து லட்சம் பவுண்டு. இன்னொன்றுக்கு டைட்டன், ஒரே நோட்டு பத்துக் கோடி பவுண்டு. நோட்டின் முகம் எடின்பரோவில், உயிர் லண்டனில்! நோட்டைக் கையில் பிடித்தால் பெருமையாக இருக்கும், அது மனம். அந்த நோட்டு நாளைக்குச் செல்லுமா என்று கேட்பது கணக்கு. 2014இல் எல்லாவற்றையும் தூக்கி அடித்த கேள்வி இதுதான்.

சுதந்திர அணி, பவுண்டையே வைத்துக்கொள்வோம், இங்கிலாந்தோடு நாணயக் கூட்டு வைப்போம் என்றது. 2014 பிப்ரவரி 13ஆம் தேதி நிதியமைச்சர் ஜார்ஜ் ஆஸ்போர்ன் எடின்பரோவுக்கே போய், ஒன்றியத்தை விட்டால் பவுண்டையும் விட்டுவிட வேண்டியதுதான் என்றார். எதிர்க்கட்சியான தொழிற்கட்சியும் அதையே சொன்னது. ஆகஸ்ட் 5ஆம் தேதி தொலைக்காட்சி விவாதம். இந்தப் பக்கம் ஸ்காட்லாந்தின் அன்றைய முதலமைச்சர் அலெக்ஸ் சால்மண்ட், வாக்கெடுப்பையே வாங்கிக் கொடுத்த சாமர்த்தியசாலி, பேச்சில் புலி. அந்தப் பக்கம் முன்னாள் நிதியமைச்சர் அலிஸ்டேர் டார்லிங். பேச்சில் என்னைப் போல, அதாவது கைதட்டல் வாங்காத ரகம். அவர் கேட்டது ஒரே கேள்வி. பவுண்டைத் தர மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள், உங்கள் மாற்று ஏற்பாடு என்ன? புலி அன்றைக்குப் பதுங்கியது, பாயவே இல்லை. இரண்டாம் விவாதத்தில் சால்மண்ட் ஜெயித்தார் என்பது வேறு விஷயம். ஆனால் மாற்று ஏற்பாடு என்ன என்ற கேள்வி செப்டம்பர் 18 வரை அப்படியே நின்றது.

ஆஸ்போர்ன் மிரட்டினார், அது வெறும் பூச்சாண்டி என்று தங்கச்சி சொன்னார். இருக்கலாம். பிரிந்தபின் இறங்கி வந்திருக்கவும் கூடும். ஆனால் யோசித்துப் பாருங்கள். ஒருவர் வீட்டுக் கடனைப் பவுண்டில் வாங்கியிருக்கிறார், இருபது வருடம் கட்ட வேண்டும். புதுப் பணம் வந்து, சம்பளம் புதுப் பணத்தில், கடன் பழைய பணத்தில் என்றால் அவர் கதி என்ன? பென்ஷன் வாங்குகிற பாட்டி, எந்தப் பணத்தில் வரும் என்று கேட்டால் அது பேராசையா? எதிராளி பூச்சாண்டி காட்டுகிறானா நிஜமாகவே சொல்கிறானா என்று பந்தயம் கட்டச் சொல்கிறீர்களே, யாருடைய பணத்தில் ஐயா பந்தயம்?

இங்கே எதிரணி ஒரு பாயிண்ட் எடுக்கும், நானே எடுத்துக் கொடுத்துவிடுகிறேன். 32 உள்ளாட்சிப் பகுதிகளில் ஆம் என்று சொன்னவை நான்கே நான்கு. டன்டீ, கிளாஸ்கோ, வெஸ்ட் டன்பார்ட்டன்ஷயர், நார்த் லனார்க்ஷயர். பெரும்பாலும் உழைப்பாளிகள் ஊர், வறுமை அதிகம். பாருங்கள், ஏழைகள் மனசால் வாக்களித்தார்கள் என்பீர்கள். இல்லை! சமூக நலச் செலவை வெட்டிக்கொண்டே போன அரசு, வீட்டில் ஒரு அறை கூடுதலாக இருந்தால் உதவித்தொகையைக் குறைத்த அரசு, அதன் கீழ் இன்னும் இருப்பதில் நமக்கு என்ன லாபம் என்று அவர்கள் கணக்குப் போட்டார்கள். இழக்க அதிகம் இல்லாதவரின் கணக்கு ஒரு விதம், வீட்டுக் கடன் இருப்பவரின் கணக்கு இன்னொரு விதம். விடை வேறு வேறு, ஆனால் இரண்டும் கணக்குதான். கணக்கு அணி என்றால் "பிரியாதே" அணி என்று ஆரம்பத்திலிருந்தே ஒரு மயக்கத்தை உண்டாக்கி வைத்திருக்கிறீர்கள். கணக்குப் போட்டு "போ" என்று விடை வந்தால், போக வேண்டியதுதான்.

கணக்கும் பொய் சொல்லுமே என்றார் தலைவர் ஐயா. சொல்லும். 2014 மே 28ஆம் தேதி நடந்தது ஒரு கூத்து. லண்டன் நிதித்துறை சொன்னது: ஒன்றியத்தில் இருந்தால் ஸ்காட்லாந்தின் ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு 1,400 பவுண்டு ஆதாயம். அதே நாள் எடின்பரோவில் இருக்கிற ஸ்காட்லாந்து அரசு சொன்னது: பிரிந்தால் ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு 1,000 பவுண்டு ஆதாயம். ஒரே நாள், ஒரே நாடு, இரண்டு பக்கமும் லாபம்! உலகத்தில் எந்தக் கடையிலும் இப்படி ஒரு வியாபாரம் கிடையாது. அதோடு விட்டார்களா? 1,400 பவுண்டை வைத்து என்னென்ன செய்யலாம் என்று நிதித்துறை ஒரு பட்டியல் போட்டது, லெகோ பொம்மைப் படங்களோடு. குடும்பத்தோடு பத்து வாரம் தினமும் மீனும் சிப்ஸும் சாப்பிடலாமாம். முந்நூறு வருட ஒன்றியத்துக்கு மீன் வறுவல் விலை! லெகோ கம்பெனியே எங்கள் பொம்மைகளை எடுத்துவிடுங்கள் என்று சொல்லும்படி ஆகிவிட்டது.

சிரிக்கிறீர்கள், நானும் சிரித்தேன். ஆனால் சிரித்துவிட்டு இரண்டு அறிக்கையையும் கொஞ்சம் புரட்டிப் பார்த்தவர்களுக்கு ஒன்று தெரிந்தது. 1,400 என்பது அடுத்த இருபது வருடத்தை வைத்துப் போட்ட கணக்கு. 1,000 என்பது பதினைந்து வருடம் கழித்து, உற்பத்தித்திறன் கூடினால், வேலைக்குப் போகிறவர்கள் கூடினால், வெளியிலிருந்து ஆட்கள் வந்தால் கிடைக்கும் என்ற கணக்கு. இரண்டுமே நாளைக்குக் கையில் வரப்போகிற காசு இல்லை. இதைக் கண்டுபிடித்தது எது? மனமா? பொய்க் கணக்கைப் பிடிக்கிறதற்கு இன்னொரு கணக்குதான் வேண்டும். மனசுக்குப் பிடித்த எண்ணை மனசு கேள்வி கேட்காது.

எண்ணெயையும் எடுத்துக்கொள்ளுங்கள். வட கடல் எண்ணெய் ஒரு பீப்பாய் சுமார் 110 டாலருக்கு விற்கும் என்று வைத்துத்தான் சுதந்திர அணியின் வரவுக் கணக்கு. வாக்கெடுப்பு முடிந்து நான்கே மாதத்தில், 2015 ஜனவரியில், விலை 50 டாலருக்குக் கீழே. சுதந்திர நாளாக அவர்கள் குறித்து வைத்திருந்த தேதி 2016 மார்ச் 24. அந்த வருடத் தொடக்கத்தில் 30 டாலருக்கும் கீழே போய் வந்தது. அதனால் அவர்கள் முட்டாள்கள் என்று சொல்ல மாட்டேன், எண்ணெய் விலை யாருக்கும் தெரியாது. விலை பாதியானால் என்ன செய்வீர்கள் என்று முன்கூட்டியே கேட்டார்களே, அந்த வாக்காளர்களைத்தான் நான் கும்பிடுகிறேன்.

நடுவர் ஐயா, என் வழக்கின் நடு முடிச்சு இங்கேதான் இருக்கிறது. ஸ்காட்லாந்தில் 2013 நவம்பரில் அரசு ஒரு வெள்ளை அறிக்கை வெளியிட்டது. 670 பக்கம், அதில் 650 கேள்விகளுக்குப் பதில். என் பாஸ்போர்ட் என்ன ஆகும், பி.பி.சி. வருமா, ராணுவம் எத்தனை பேர், ஃபாஸ்லேனில் நிற்கிற அணு ஆயுத நீர்மூழ்கிகளை என்ன செய்வீர்கள்? பதில்கள் எல்லாம் சரியா என்றால் இல்லை, பவுண்டு விஷயத்திலேயே பார்த்தோம். ஆனால் அப்படி ஒரு அறிக்கையை எழுத வைத்தது யார்? தேவாலயக் கூடத்திலும் பப்பிலும் பஸ் நிறுத்தத்திலும் நின்று கேட்ட ஜனங்கள். வாக்களிக்கத் தகுதியுள்ளவர்களில் 97 சதவீதம் பேர் பட்டியலில் பெயர் சேர்த்தார்கள், அதில் 84.6 சதவீதம் பேர் வந்து வாக்களித்தார்கள். வாக்காளன் கணக்குக் கேட்டால்தான் தலைவன் பதில் தயார் செய்வான். வாக்காளன் கண்ணீர் விட்டால், தலைவன் கைக்குட்டை கொடுப்பான், அவ்வளவுதான்.

கைக்குட்டை மட்டும் கொடுத்த வாக்கெடுப்பு இரண்டு வருடத்தில் வந்தது. 2016 ஜூன் 23, ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு பிரிட்டன் விலகுவதா? இந்த அரங்கில் இருக்கிற பாதிப் பேர் வாக்களித்திருப்பீர்கள். அடுத்த வீட்டில் இருபது வருடமாக வரி கட்டிக்கொண்டிருந்த பிரெஞ்சுக்காரருக்கு வாக்கு இல்லை, காமன்வெல்த் பாஸ்போர்ட் வைத்திருந்த நமக்கு இருந்தது.

விலகும் அணியின் முழக்கம், கட்டுப்பாட்டை நம் கைக்குத் திரும்பக் கொண்டுவருவோம் என்பது. சுத்தமான மன அணி முழக்கம்! ஆனால் ஊர் ஊராக ஓடிய அவர்களுடைய சிவப்பு பஸ்ஸில் என்ன எழுதியிருந்தார்கள்? கவிதையா? எண்! ஒன்றியத்துக்கு வாரம் 35 கோடி பவுண்டு அனுப்புகிறோம், அதை என்.எச்.எஸ். என்கிற அரசு மருத்துவ சேவைக்குக் கொடுப்போம். மனசை நம்பிக் களத்தில் இறங்கியவர்களுக்கே மனசு போதவில்லை ஐயா, கணக்கைக் கடன் வாங்க வேண்டியிருந்தது. கடன் வாங்கியதையாவது ஒழுங்காக வாங்கினார்களா? 1984இல் மார்கரெட் தாட்சர் வாதாடி வாங்கிய தள்ளுபடி ஒன்று இருக்கிறது. அந்தத் தொகை லண்டனை விட்டுக் கிளம்பவே கிளம்பாது. அதையும் சேர்த்து பஸ்ஸில் எழுதிவிட்டார்கள். இந்த எண் தவறான எண்ணத்தை உண்டாக்குகிறது என்று நாட்டின் புள்ளியியல் ஆணையமே வாக்கெடுப்புக்கு முன்பே எழுதியது. பஸ் நிற்கவில்லை.

எதிர்ப்பக்கம் மட்டும் யோக்கியமா என்று கேட்பீர்கள். இல்லை. விலகுவோம் என்று வாக்களித்தால் உடனே பொருளாதாரம் சரியும், ஐந்து லட்சம் வேலை போகும் என்று நிதித்துறை சொன்னது. அடுத்த வருடத்தில் அப்படி நடக்கவில்லை. பயமும் ஒரு உணர்ச்சிதானே? அதையும் உங்கள் அணிக் கணக்கிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

யாரும் போடாத கணக்கு ஒன்று இருந்தது, அதைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். வட அயர்லாந்தின் டெரி நகரத்திலிருந்து அயர்லாந்துக் குடியரசின் டோனகல் பக்கம் காரில் போங்கள். எல்லை எங்கே என்று தேட வேண்டியிருக்கும். திடீரென்று சாலையோரக் கோடு மஞ்சளாக மாறும், வேக வரம்புப் பலகை மைலிலிருந்து கிலோமீட்டருக்கு மாறும். அவ்வளவுதான் எல்லை. சுமார் 500 கிலோமீட்டர் நீளம், 200க்கும் மேற்பட்ட சாலைகள் குறுக்கே போகின்றன. ஒரு காலத்தில் அங்கே ராணுவக் காவல் கோபுரம் இருந்தது, துப்பாக்கி இருந்தது, சாவு இருந்தது. 1998இல் அமைதி ஒப்பந்தம் வந்தபின் படிப்படியாக எல்லாம் போயிற்று. பிரிட்டன் ஒன்றியத்தை விட்டால் இந்தக் கோடு ஐரோப்பிய ஒன்றியத்தின் சுங்க எல்லை. லாரியை எங்கே நிறுத்துவீர்கள்? வாக்கெடுப்புக்கு இரண்டு வாரம் முன்னால் ஜான் மேஜரும் டோனி பிளேரும் டெரிக்கே போய் இதைச் சொன்னார்கள். எதிரெதிர்க் கட்சியின் முன்னாள் பிரதமர்கள், ஒரே மேடையில். இங்கிலாந்தில் யார் காதில் விழுந்தது? நம் காதில் விழுந்ததா? உண்மையைச் சொல்லுங்கள்.

அப்புறம் நடந்தது எல்லோருக்கும் தெரியும். 51.9 சதவீதம் விலகு என்றது. மறுநாள் காலையிலேயே பிரதமர் டேவிட் கேமரன் ராஜினாமா. விலகினால் என்ன செய்வது என்று அதிகாரிகள் திட்டம் தயாரிக்கக்கூட அவர் அரசு விடவில்லை. இது பெரும் அலட்சியம் என்று நாடாளுமன்றக் குழு ஒன்றே பின்னால் எழுதியது. அடுத்து வந்த பிரதமர் தெரசா மே கொண்டுவந்த விலகல் ஒப்பந்தம் 2019 ஜனவரியில் 230 வாக்கு வித்தியாசத்தில் தோற்றது. தேதி மூன்று முறை தள்ளிப்போனது. இத்தனைக்கும் நடுவில் சிக்கி நின்றது அந்த மஞ்சள் கோடுதான். கடைசியில் எல்லையை நிலத்திலிருந்து தூக்கிக் கடலில் போட்டார்கள், பிரிட்டனுக்கும் வட அயர்லாந்துக்கும் நடுவே, அதாவது சொந்த நாட்டுக்குள்ளேயே சோதனை! 2021இல் இங்கிலாந்து சாசேஜ் பெல்ஃபாஸ்ட் கடைக்குப் போகலாமா கூடாதா என்று ஐரோப்பிய ஒன்றியத்தோடு மல்லுக்கட்டு. சூரியன் மறையாத சாம்ராஜ்யம் என்றார்கள், சாசேஜ் தாண்ட முடியவில்லை.

எதிரணி அக்கா தனிக்குடித்தனத்தை உதாரணம் காட்டினார். மருமகள் தனியாகப் போக வேண்டும் என்று நினைத்தால் கணக்குப் பார்ப்பாளா, மூச்சு முட்டுகிறது, போகிறாள் என்றார். அக்கா, என் அனுபவத்தில் தனிக்குடித்தனம் போகிற எந்தப் பெண்ணும் வாடகை அட்வான்ஸ் எவ்வளவு, கேஸ் யார் பேரில், பிள்ளையைப் பள்ளியிலிருந்து யார் கூட்டி வருவது என்று ஆறு மாதமாக மனசுக்குள் கணக்குப் போடாமல் வாயைத் திறந்ததே இல்லை. வாயைத் திறக்கிற அன்றைக்குத்தான் வீட்டில் மற்றவர்களுக்கு அது கோபமாகத் தெரியும்.

இப்போது எதிரணியின் பலமான வாதம். அதைத் தாண்டிப் போய்விட்டால் எனக்கே தூக்கம் வராது. "கணக்குப் பார்த்து 2014இல் 55 சதவீதம் பேர் பிரிட்டனோடு இருந்தார்களே, ஐரோப்பிய ஒன்றியத்தில் இருக்க இதுதான் வழி என்று சொன்னார்களே. 2016இல் ஸ்காட்லாந்தில் 62 சதவீதம் பேர் ஐரோப்பாவோடு இருப்போம் என்றார்கள், 32 பகுதிகளில் ஒன்றுகூட மாறவில்லை. ஆனாலும் இழுத்துக்கொண்டு போய்விட்டார்களே. எங்கே போனது உங்கள் கணக்கு?" அடி சரியான இடத்தில்தான் விழுகிறது. ஆனால் 2013 ஜனவரியிலேயே கேமரன், அடுத்த தேர்தலில் ஜெயித்தால் ஐரோப்பா பற்றி வாக்கெடுப்பு என்று அறிவித்துவிட்டார். எடின்பரோவின் வெள்ளை அறிக்கையே அந்த ஆபத்தைச் சுட்டிக்காட்டியது. "இருப்போம்" அணி அந்த வரியைத் தன் கணக்கில் எழுதவில்லை. அரைக் கணக்குப் போட்டார்கள். அரைக் கணக்கின் குற்றத்தை முழுக் கணக்கின் தலையில் கட்டாதீர்கள். அதையும் எழுதிப் போட்டிருந்தால் விடை வேறாகக்கூட வந்திருக்கலாம். எனக்கு அதில் ஆட்சேபமே இல்லை.

இன்னொன்றை ஒப்புக்கொள்கிறேன். தெற்கு சூடானில் 2011 ஜனவரியில் 98.83 சதவீதம் பேர் பிரிவோம் என்றார்கள். பல பத்தாண்டுப் போர், லட்சக்கணக்கில் சாவு. குண்டு விழுகிற இடத்தில் யாரும் கால்குலேட்டரைக் கையில் எடுக்க மாட்டார்கள், எடுக்கச் சொல்கிற அதிகாரமும் எனக்கு இல்லை. இந்த அரங்கில் இருக்கிற பலருக்கு இது பாடப்புத்தக விஷயம் இல்லை என்பதும் தெரியும். அங்கே எண்ணெய் வயல்களில் பெரும்பகுதி தெற்கில், துறைமுகத்துக்குப் போகிற குழாய் முழுதும் வடக்கு வழியாக. அந்தக் குழாய்க்கு வாடகை எவ்வளவு என்பதைப் பேசி முடிக்காமலே இரண்டு நாடும் பிரிந்தன. ஆறு மாதத்தில் தகராறு முற்றி, தெற்கு தன் ஏறக்குறைய ஒரே வருமானமான எண்ணெய் உற்பத்தியையே 2012 ஜனவரியில் நிறுத்தும்படி ஆயிற்று. உயிரைக் கொடுத்து வாங்கிய நாட்டுக்குக் கணக்குப் போட்டுக் கொடுக்க வேண்டியது தலைவர்களின் கடமை. அதை அவர்கள் செய்யவில்லை.

செய்தவர்களும் உண்டு. மான்டிநீக்ரோ என்று ஒரு குட்டி நாடு, செர்பியாவோடு ஒன்றியத்தில் இருந்தது. 1999இலேயே செர்பியப் பணத்தோடு ஜெர்மன் மார்க்கையும் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். மெல்ல மெல்ல பழைய பணத்தை விட்டார்கள். 2002இல் யூரோவுக்கு மாறினார்கள். அதன்பின் 2006 மேயில்தான் வாக்கெடுப்பு. 55 சதவீதம் தாண்ட வேண்டும் என்று வரம்பு, கிடைத்தது 55.5. மயிரிழைதான், ஆனால் மறுநாள் காலை கடையில் எந்த நோட்டை நீட்டுவது என்று ஒருவரும் கேட்கவில்லை, ஏனென்றால் அந்த நோட்டு நான்கு வருடமாகச் சட்டைப் பையில் இருந்தது.

மணி அடித்துவிட்டீர்கள், முடித்துவிடுகிறேன் ஐயா, ஒரே ஒரு செய்தி. 2014இல் தோற்ற பிறகு ஸ்காட்லாந்தின் சுதந்திர அணி உட்கார்ந்து யோசித்தது. 2022 அக்டோபரில் எடின்பரோ அரசு புதிய பொருளாதார அறிக்கை ஒன்றை வெளியிட்டது. நாணயக் கூட்டு இல்லை. முதலில் கொஞ்ச காலம் பவுண்டு, அப்புறம் சொந்தமாக ஸ்காட்லாந்து பவுண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தில் மறுபடி சேர்ந்தால் இங்கிலாந்து எல்லையில் சுங்கச் சோதனை வருமே, அதற்கு என்ன வழி என்பதையும் எழுத வேண்டியதாயிற்று. ஓடி வந்து கல்யாணம் செய்துகொள்வதற்குப் பேர்போன கிரெட்னா கிரீன் அந்த எல்லையில்தான் இருக்கிறது, மாப்பிள்ளைக்கும் இனி சுங்கச் சோதனையா என்று தெரியவில்லை! எட்டு வருடத்துக்கு முன்னால் டார்லிங்கும் பென்ஷன் பாட்டியும் கேட்ட கேள்விக்கு எழுதிய பதில் அது. எழுதியவர்கள் யாரும் எங்கள் அணி ஆட்கள் இல்லை, எல்லோரும் எதிரணி. தீர்ப்பு எழுதும்போது அதை ஓர் ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள் ஐயா. நன்றி, வணக்கம்.